நாடா

அவோமோரிக் கடற்கரையில் எங்கள் காவல் நிலையம் சிறியது.
மாடியில் ஒன்பது அறைகள்.
வருகிறவரிடம் பெல்ட் வாங்குவோம், கண்ணாடி, கைக்கடிகாரம்,
அப்புறம் பெயர்.
ஃபுகுஷி தொகுஜி என்று ரசீதில் ஒருமுறை எழுதினேன்.
அதன் பிறகு அவர் ஏழு.
செருப்பிலும் ஏழு, தட்டிலும் ஏழு.

கணவாய் பதனிடும் ஆலையில் இருபத்தாறு வருடம்.
அதன் கிடங்கு எரிந்த இரவில்
எங்கே இருந்தாய் என்று கேட்டால்
"வண்டியில் தூங்கினேன்" என்கிறார்.
தூங்குகிறவனுக்கு யார் சாட்சி?
முதல் வாரம் அறை முழுக்கக் கணவாய் வாடை.
பிறகு எங்கள் சோப்பு வாடை.

சட்டம் இருபத்து மூன்று நாள் கொடுக்கிறது.
விசாரிப்பவர்கள் வேறு, காப்பவர்கள் வேறு,
அதையும் சட்டம்தான் சொல்கிறது.
நான் காப்பவன்.
கதவைத் திறந்து அனுப்புவேன், வந்ததும் பூட்டுவேன்.
நடுவில் நடப்பதெல்லாம் கீழ்த்தளத்தில்.

மனைவி மினே தினமும் வருவாள்.
பார்க்க அனுமதி இல்லை. துணி கொடுக்கலாம்.
முதல் நாள் கொண்டுவந்த கால்சட்டையின் இடுப்பு நாடாவை
அவள் கண்முன்னே உருவினேன்.
"இதுவுமா?" என்றாள்.
இதுவும்தான். கழுத்தைச் சுற்றி வரக்கூடிய எதுவும்.
மறுநாளிலிருந்து அவளே உருவிவிட்டு வந்தாள்.
நாடா இருந்த இரண்டு துளைகளையும்
சிவப்பு நூலால் தைத்து மூடியிருந்தாள்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
தையலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
உள்ளே அனுப்பினேன்.
ஏழு அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால்
தடவிக்கொண்டே இருந்தார்,
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல.

பதினோராம் நாள் இரவு
பதினொன்றே முக்காலுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.
"பத்துக்கு முன்னால் என்று போட்டுக்கொள்" என்றார் இஷிகோகா.
ஒன்பது ஐம்பது என்று எழுதினேன்.
கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது.
அதற்குப் பிறகும் ஆறு தடவை.
இல்லை, ஏழு.

இங்கே விளக்கை அணைப்பதில்லை, தணிப்போம்.
தணிந்த வெளிச்சத்தில் அவர் உதடு அசையும்.
பிரார்த்தனை என்று நினைத்தேன்.
ஒருநாள் கம்பியருகே நின்று காது கொடுத்தேன்.
"மண்ணெண்ணெய்.
இல்லை, பெட்ரோல்.
பின்கதவு வழியாக.
இல்லை, பக்கத்துச் சன்னல், பக்கத்துச் சன்னல்."
தவறு வந்தால் முதலிலிருந்து தொடங்குவார்,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன்போல.
செய்ததைச் சொல்ல ஒரு மனிதனுக்கு
இத்தனை ஒத்திகை எதற்கு?
இதை நான் பதிவேட்டில் எழுதவில்லை.
அதற்கென்று கட்டம் கிடையாது.
இருக்கிற கட்டங்கள்: உணவு, உறக்கம், மலம், மருந்து.

இருபத்திரண்டாம் நாள் கையெழுத்துப் போட்டார்.
அன்றிரவு தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.
குறட்டை விட்டுத் தூங்கினார்.
"உணவு: முழுவதும். உறக்கம்: நன்று."
அந்த மாதம் நான் எழுதியதில்
அந்த வரியில் மட்டும் பேனா தயங்கவில்லை.

மறுநாள் காலை எட்டுக்கே மினே வந்துவிட்டாள்,
தோளில் விழுந்த பனி உருகாமல்.
மடித்த கால்சட்டையை நீட்டினாள்.
இடுப்பில் புது நாடா. வெள்ளை.
சிவப்புத் தையலைப் பிரித்து
அந்தத் துளைகளின் வழியே கோத்திருந்தாள்.
இரு நுனியிலும் முடிச்சு.
"இன்றைக்குத்தானே கடைசி நாள்?
இளைத்திருப்பார்.
பஸ் நிறுத்தம் வரைக்குமாவது
இடுப்பில் நிற்க வேண்டாமா?"

கணக்கு சரிதான்.
சுவர்க் காலண்டரில் நானும் எண்ணிவந்ததுதான்.
யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.
சொல்வது என் வேலையும் இல்லை.

கால்சட்டையை மேசைமேல் விரித்தேன்.
ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு
மறுநுனியைப் பிடித்து இழுத்தேன்.
நீளமான நாடா. வந்துகொண்டே இருந்தது.
பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.
மீதிப் பாதியையும்
நான் இழுக்க வேண்டியிருந்தது.